தட்டினேன், தங்கச்சி

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் நம்பப் போவதில்லை. பரவாயில்லை. யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால் நானே எழுந்து போய்விடுகிற ஆள்தான். ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் செய்து பிழைக்கிறவன். மீட்டரை வைத்து அளந்து பார்க்காமல் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் இது என் மனைவிக்கு நடந்தது. நடந்தபோது கூப்பிடு தூரத்தில் வண்டிக்குள் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கண்ணால் பார்த்ததை இல்லை என்று எப்படிச் சொல்ல?

முதலில் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். தாய் தகப்பன் இல்லாத தங்கச்சியைத் தோளில் போட்டு வளர்த்தவர். அவள் தையல் கற்றது, மெஷின் வாங்கியது, என்னைக் கட்டிக்கொண்டது எல்லாம் அவர் சொல்லித்தான். "அண்ணன் சொல்லிட்டாரு" என்றால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. நான் சொன்னால் மட்டும் ஆயிரம் கேள்வி வரும், அது வேறு கதை.

மச்சான் ஒரு சின்னச் சபைக்குப் போதகர். நகரத்தின் நடுவே, பழைய கடைத்தெருவில் சபைக்கு ஒரு ஹால் உண்டு. அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி மேம்பாலம். பாலத்துக்குக் கீழே வீடு வாசல் இல்லாத ஜனங்கள் அட்டையை விரித்துப் படுத்திருப்பார்கள். வியாழக்கிழமைதோறும் சாயங்காலம் சபை ஆட்கள் அங்கே போவார்கள். என் சர்வீஸ் வண்டியில்தான் சாமான்கள் போகும். டிரைவர் நான். சம்பளம் ஒரு கப் சூப்.

ரொட்டி கொடுக்க, போர்வை கொடுக்க எத்தனையோ பேர் உண்டு. மச்சான் ஆரம்பித்தது வேறு. கால் கழுவுவது. இயேசு தன் சீடர்களுக்குச் செய்த மாதிரி. தெருவில் கிடக்கிறவர்களுக்கு முதலில் கெட்டுப்போவது கால்தான். வெடிப்பு, சேற்றுப்புண், சதைக்குள் வளைந்த நகம். ஒரு பிளாஸ்டிக் பேசின், ஃபிளாஸ்கில் வெந்நீர், சோப்பு, மருந்து, பஞ்சு, துவைத்த சாக்ஸ், இவ்வளவுதான் வைத்தியம். என் மனைவி குட்டை ஸ்டூலில் குனிந்து உட்காருவாள். வெளிச்சம் போதாது என்பதால் நெற்றியில் ஒரு டார்ச் கட்டியிருப்பாள். எதிரே, பாலத்துத் தூணைச் சுற்றியிருக்கும் சிமெண்ட் படியில் ஆள் உட்காருவார்.

அதில் மச்சான் ஒரு சட்டம் வைத்திருந்தார். கழுவும்போது முகத்தைப் பார்க்கக் கூடாது.

"காலைக் காட்டறதே அவங்களுக்குக் கூச்சம். முகத்தையும் பார்த்தா எழுந்து போயிடுவாங்க. காலை மட்டும் பாரு, பாப்பா."

நல்ல சட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதனால் என் மனைவிக்கு அங்கே உள்ளவர்களைக் காலை வைத்துத்தான் தெரியும். பகலில் கடைத்தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் திருதிருவென்று முழிப்பாள். கீழே குனிந்து காலைப் பார்த்த பிறகுதான் "அட, நீங்களா" என்பாள்.

அவர்களில் ஒருவர் தொப்பிக்காரர். வெயிலோ மழையோ, தலையில் ஒரு கம்பளித் தொப்பி. இடது காலில் சுண்டுவிரல் இல்லை. குதிகாலில் ஆறு மாதமாக ஆறாத புண். மருந்து வைத்ததும் வாராவாரம் ஒரே வசனம்தான்: "ஸ்ஸ்... கொன்னுட்டியே, தங்கச்சி." அது வராவிட்டால் மருந்து சரியாகப் படவில்லை என்று என் மனைவி மறுபடி வைப்பாள். அவர் எந்த விடுதிக்கும் போக மாட்டார், சபைக்கும் வர மாட்டார். கேட்டால், "கதவுங்கறதே உள்ள இருக்கறவனுக்குத்தான், தங்கச்சி" என்பார். எங்கே என்ன அடி வாங்கினாரோ தெரியாது.

அந்த வாரம் புயல் எச்சரிக்கை வந்தது. திங்கட்கிழமை ராத்திரி கரையைக் கடக்கும் என்றார்கள். மச்சான் வியாழக்கிழமையே பாலத்துக்குக் கீழே நின்று எல்லாருக்கும் சொன்னார்: மழை ராத்திரியில் ஹாலுக்கு வாருங்கள், எந்த நேரமானாலும் தட்டுங்கள், நான் உள்ளேயே படுத்திருப்பேன். மற்றவர்கள் ரயில் நிலையம் போதும் என்றார்கள். தொப்பிக்காரர் இரண்டுக்கும் தலையாட்டவில்லை. இந்தத் தூணே போதும் என்று உட்கார்ந்துவிட்டார்.

என் மனைவி விடவில்லை. "ஈரத்துல இந்தப் புண்ணு காலையே கொண்டு போயிடும், ஐயா. வந்து தட்டுங்க. திறக்கலைன்னா நான் எங்க அண்ணனுக்குத் தங்கச்சியே இல்லை."

அவர் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். அப்புறம், "சரி. உன் பேச்சுக்காக வரேன்" என்றார்.

திங்கட்கிழமை மழையா அது? வானமே பொத்துக்கொண்ட மாதிரி கொட்டியது. என் மனைவி ஜன்னலை விட்டு நகரவில்லை. ஏழு மணிக்கு அண்ணனுக்குப் போன் போட்டாள். "ஹால்லதான் இருக்கேன் பாப்பா. நிம்மதியா தூங்கு" என்றார். மறுநாள் காலை மறுபடி போன். "ஒரு ஈ காக்கா வரலை. எல்லாரும் ஸ்டேஷனுக்குப் போயிருப்பாங்க." அண்ணன் சொல்லிவிட்டார். அத்தோடு அவள் கவலை தீர்ந்தது.

புதன்கிழமை அதே ஹாலில் மச்சானின் மகளுக்குக் கல்யாணம். வாசலிலிருந்து மேடை வரை புதுக் கம்பளம், கணுக்கால் புதைகிற மாதிரி. என் மனைவி ஓடி ஓடி வேலை பார்த்தாள். நானும் அந்தக் கம்பளத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் வியாழக்கிழமை. மழை விட்டிருந்தது. வீட்டில் கல்யாண விருந்தாளிகள், ஹாலில் ஒதுக்க வேண்டிய சாமான்கள் என்று இருந்ததால் மச்சான் வரவில்லை. சபை ஆட்கள் இரண்டு பேர் பாலத்தின் அந்தக் கோடியில் சூப் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கோடியில் என் மனைவி. ஆறு மணிக்கே இருட்டிவிட்டது.

ஒருவர் காலைத் துடைக்கும்போது, "தொப்பிக்காரர் எங்கே, காணோம்?" என்று கேட்டாள்.

"புயல் அன்னைக்கு உங்க ஹாலுக்குன்னு கிளம்பிப் போனாரும்மா. நான்தான் ரோடு தாண்டி விட்டேன். அப்புறம் பார்க்கலை."

ஹாலுக்கா? அண்ணன் யாரும் வரவில்லை என்றாரே. வழியில் மனசு மாறி வேறெங்காவது போயிருப்பார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஏழு மணி தாண்டியதும் கூட்டம் கலைந்தது. நான் போய் வண்டியில் ஏறினேன். அவள் பேசினைக் கழுவி எடுத்துவைக்க, ஃபிளாஸ்கில் மிச்சமிருந்த வெந்நீரை அதில் ஊற்றினாள். ஆவி பறந்தது.

இனி வருவது அவள் சொன்னது. நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

பேசினுக்குள் இரண்டு கால்கள் இறங்கின.

வந்த சத்தம் இல்லை. உட்கார்ந்த சத்தம் இல்லை. தண்ணீர் கூட சளப்பென்று சத்தம் போடவில்லை. அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். இடது காலில் சுண்டுவிரல் இல்லை.

"வந்துட்டீங்களா, ஐயா? உங்களைத்தான் கேட்டுட்டு இருந்தேன்."

அவருக்கு எப்போதுமே பேச்சு குறைவு. அவள் சோப்பை எடுத்துத் தேய்த்தாள். கால்கள் வெளுத்துப்போய், தோல் முழுக்கச் சுருங்கியிருந்தது. துணியை நாள் கணக்கில் ஊறப்போட்ட மாதிரி.

மழை விட்டு இத்தனை நேரமாகிறது. எங்கே நனைந்தார்?

தேய்த்தாள். தண்ணீரில் அழுக்கு இறங்கவில்லை. கண்ணாடி மாதிரி அப்படியே இருந்தது. ஆவியும் நின்றுவிட்டது. விரல் மரத்தது. வெந்நீர்தானே ஊற்றினோம்... என்று நினைத்தாள்.

காலைத் தூக்கி மடியில் வைத்தாள். கனமே இல்லை.

குதிகால் புண்ணில் சிவப்பே இல்லை. சாம்பல் நிறம். மருந்து வைத்தாள். காத்திருந்தாள்.

"ஸ்ஸ்" வரவில்லை.

மறுபடி வைத்தாள். அழுத்தியே வைத்தாள்.

வரவில்லை.

சாக்ஸை எடுத்து மாட்டினாள். ஒன்று. இரண்டு. அப்போதுதான் குரல் வந்தது. மேலிருந்து இல்லை... ரொம்பத் தூரத்தில், ஒரு கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேசுகிற மாதிரி.

"தட்டினேன், தங்கச்சி."

"எங்கே ஐயா?"

"நீ சொன்ன இடத்துல."

"அண்ணன் உள்ளதானே இருந்தாரு?"

"இருந்தாரு."

"திறக்கலையா?"

"விளக்கை அணைச்சாரு."

டார்ச் வெளிச்சத்துக்குள் ஒரு கை மெதுவாக இறங்கி முழங்கால் மேல் உட்கார்ந்தது. விரல் மூட்டுகளில் தோல் இல்லை. வெள்ளையாக ஏதோ தெரிந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

அவள் சட்டத்தை மீறினாள்.

முகத்தைப் பார்க்க நிமிர்ந்தாள்.

வெளிச்சம் தூணில் விழுந்தது.

தூண்...

தூண் மட்டும்தான்.

இனி நான் பார்த்தது.

வண்டியில் உட்கார்ந்து, என்னடா இவள் இன்னும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கை அசைந்தது. உதடு அசைந்தது. எதிரே படி காலி. பேசினைக் கழுவிக்கொண்டே ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்தேன். அப்புறம் அவள் சாக்ஸை எடுத்து விரித்து, காற்றில் மாட்டினாள்.

ஹாரன் அடித்தேன். அவள் நிமிர்ந்தாள். ஸ்டூல் பின்னால் கவிழ்ந்தது. இறங்கி ஓடினேன்.

பேசினில் கை வைத்தேன். சுரீர் என்றது. இழுத்துக்கொண்டேன். குளிர்தான் என் தொழில். கொதிக்கக் கொதிக்க ஊற்றிய தண்ணீர் அந்த நேரத்துக்குள் அப்படிக் குளிர உலகத்தில் எந்த மெஷினாலும் முடியாது.

சாக்ஸ் இரண்டும் தரையில் நின்றன. கிடக்கவில்லை. நின்றன. உள்ளே கால் இருக்கிற மாதிரி உப்பி...

நான் பார்க்கப் பார்க்க, மெல்ல, ஒன்றன் பின் ஒன்றாகச் சுருங்கிப் படுத்தன.

அவள் அலறவில்லை. மயங்கவில்லை. என் கையைப் பிடித்து எழுந்தாள். "ஹாலுக்கு விடுங்க" என்றாள்.

மச்சான் ஹாலில் தனியாகக் கல்யாண நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சிரித்தார். "வா பாப்பா. வாங்க மாப்பிள்ளை. சாப்பிட்டாச்சா?"

"திங்கட்கிழமை யாரும் வந்து தட்டலையா, அண்ணா?"

"அதான் சொன்னேனே. யாரும் வரலைன்னு."

"விளக்கை ஏன் அணைச்சீங்க?"

அவர் கையிலிருந்த நாற்காலி அப்படியே அந்தரத்தில் நின்றது. முகத்தில் சிரிப்பு மட்டும் போக மறந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"யார் சொன்னா?"

இல்லை என்று சொல்லவில்லை, பாருங்கள். யார் சொன்னது என்றுதான் கேட்டார். என் மனைவி அதிலேயே பாதி செத்துவிட்டாள். பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது.

"தொப்பிக்காரர் சொன்னாரு."

மச்சான் நாற்காலியைக் கீழே வைத்து அதிலேயே உட்கார்ந்தார். அப்புறம் அவருக்குக் கோபம் வந்தது. தப்புச் செய்தவனுக்கு எப்போதும் முதலில் வருவது அதுதானே.

"நான் என்ன பண்ணட்டும்? அன்னைக்குத்தான் கம்பளம் போட்டு முடிச்சாங்க. ஒரு நாள் விட்டுப் பொண்ணுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டுக்காரங்க எப்படின்னு உனக்கே தெரியும். அந்தக் காலோட, அந்தச் சேத்தோட, அந்த நாத்தத்தோட எப்படி உள்ள விடறது? யாரும் வர மாட்டாங்கன்னு நினைச்சுத்தான் வாங்கன்னு சொன்னேன்."

"வந்தாரு."

"எட்டு மணி இருக்கும். தட்டினான். விளக்கை அணைச்சா, ஆள் இல்லைன்னு ஸ்டேஷனுக்குப் போயிடுவான்னு பார்த்தேன். போகலை, பாப்பா. விடிய விடியத் தட்டினான். மூணு தட்டு, கொஞ்சம் நிறுத்துவான். மறுபடி மூணு தட்டு. ஒரே மாதிரி. கோபமாக்கூட இல்லை. காதைப் பொத்திக்கிட்டுக் கிடந்தேன். ஆறு மணிக்குத்தான் நின்னுது. திறந்தேன். படியில..."

"படியில?"

"படுத்திருந்தான். நான்தான் போன் பண்ணேன். ஆஸ்பத்திரி வண்டி வந்து எடுத்துட்டுப் போச்சு. உன்கிட்ட எந்த வாயால சொல்லுவேன்? கல்யாணம் முடியட்டும்னு..."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கம்பளத்தையே சுருட்டி அவர் தலையில் போட்டிருப்பேன். படியில் கிடந்தவரை வண்டியில் ஏற்றிவிட்டு, அதே வாயால் "ஒரு ஈ காக்கா வரலை" என்று சொன்ன மனுஷன். மறுநாள் அதே கதவில் நின்று எல்லாரையும் வாங்க, வாங்க என்று வரவேற்ற மனுஷன்.

என் மனைவி சத்தம் போடவில்லை. "காலைக் கழுவ எனக்குக் கத்துக்குடுத்தது நீங்கதானே, அண்ணா" என்றாள். அவர் தலை நிமிரவில்லை. நெற்றியில் இன்னும் கட்டியிருந்த டார்ச்சைக் கழற்றி அவர் பக்கத்தில் வைத்தாள். "பாப்பா... பாப்பா..." என்று அவர் பின்னால் கூப்பிட்டதை நான்தான் கேட்டேன். அவள் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

ராத்திரி முழுக்க அழுதாள். தாய் தகப்பன் செத்ததுகூட அவளுக்கு ஞாபகம் இல்லை, அவ்வளவு சின்ன வயது. அந்த அழுகையையும் சேர்த்து அன்றைக்குத்தான் அழுதாள் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போனோம். அடக்கமாவது நம் கையால் பண்ணுவோம் என்றாள். பிணவறை கீழ்த்தளத்தில், ஒரு நீள நடையின் கோடியில் இருந்தது. அங்கே வேலை பார்க்கிறவர் வயசானவர். கதவைப் பாதி திறந்துகொண்டு வந்தார். திங்கட்கிழமை ராத்திரி, கடைத்தெரு ஹால் வாசல், கம்பளித் தொப்பி என்று சொன்னோம்.

"ஆமா, இருக்காரு. கேட்டு யாருமே வரலை. நீங்க என்ன உறவு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "தங்கச்சி."

அவர் முகம் இளகியது. ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தார், பாவம்.

"மனசைத் தேத்திக்கோம்மா. ரொம்ப அவஸ்தைப்படலை. காலையில வண்டியில இருந்து இறக்கும்போதே மரக்கட்டையா விறைச்சிருந்தாரு. ஒன்பது மணிக்கு மேல உயிர் இருந்திருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு."

"காலையில ஒன்பதா?" என்று நான் கேட்டேன். முட்டாள்தனமான கேள்விதான். எனக்கு வேறு கேட்கத் தோன்றவில்லை.

"ராத்திரி ஒன்பதுங்க. மழை வலுத்த கொஞ்ச நேரத்துலயே போயிருக்காரு."

அவர் சாவியைத் தேடி உள்ளே போனார். என் மனைவி சுவரில் சாய்ந்தாள். என் கையைப் பிடித்தாள். அவள் விரல் பேசின் தண்ணீரை விடக் குளிர்ந்திருந்தது.

"ஒன்பது மணிக்கே போயிட்டாராங்க" என்றாள். "அதுக்கு அப்புறமும்... விடியற வரைக்கும்... நான் சொன்னதை நம்பித் தட்டியிருக்காரு."